வீட்டில் செய்த கண்டென்சர் மைக்கும் கடையில் வாங்கியதும்: ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

மின்விசிறி ஓடும் அறையில் எடுத்த பதிவைக் கொண்டு இரண்டு மைக்குகளின் தரத்தை எடைபோடுவது, சந்தை நடுவில் உட்கார்ந்து தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பதைப் போன்றது. ஆனாலும் வீட்டில் பாட்டோ பேச்சோ பதிவு செய்யத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் ஒப்பிடுகிறார்கள்: ஒரு மைக்கில் இன்று பேசிப் பார்த்து, இன்னொன்றில் நாளை பேசிப் பார்த்து, எது சத்தமாகக் கேட்கிறதோ அதையே நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கையால் செய்த மைக் ஒன்றையும் கடையில் வாங்கிய மைக் ஒன்றையும் நேர்மையாக எப்படி ஒப்பிடுவது, அந்த ஒப்பீட்டுக்குத் தகுதியான மைக் ஒன்றை எப்படிச் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

கண்டென்சர் மைக் என்பது அடிப்படையில் ஒரு மின்தேக்கிதான். உலோகப் பூச்சுள்ள மெல்லிய சவ்வு ஒன்றும், அதன் பின்னால் மயிரிழை இடைவெளியில் அசையாத தகடு ஒன்றும் இருக்கும். ஒலி பட்டுச் சவ்வு அதிரும்போது இடைவெளி மாறி, மின்தேக்கத் திறனும் மாறி, அது மின்னழுத்த மாற்றமாக வெளிப்படும். 1916இல் அமெரிக்காவில் ஈ. சி. வென்டே இதை உருவாக்கியபோது, சவ்வுக்கும் தகட்டுக்கும் இடையே மின்னழுத்தத்தை வெளியிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1962இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் டெஃப்லான் படலத்தில் மின்னேற்றத்தை நிலையாகத் தேக்கி வைக்கும் எலக்ட்ரெட் மைக்கைக் கண்டறிந்த பிறகு அந்தத் தேவை நீங்கியது. வீட்டில் ஒருவர் கண்டென்சர் மைக் செய்ய முடிகிறது என்றால் அதற்கு இந்த எலக்ட்ரெட்டே காரணம். சவ்வையும் தகட்டையும் நாம் செய்யப்போவதில்லை. அவை அடங்கிய கேப்சூலை வாங்கி, அதற்குள் இருக்கும் சிறு பெருக்கிக்கு மின்சாரமும் கேப்சூலுக்கு உறையும் கொடுக்கிறோம், அவ்வளவே.

இதில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. வீட்டுப் பதிவுக்கென்று பரவலாக வாங்கப்படும் ஆடியோ-டெக்னிகா ஏடி2020 மைக்கும் நிலையான மின்னேற்றம் கொண்ட எலக்ட்ரெட் வகையைச் சேர்ந்ததுதான். எனவே ‘எலக்ட்ரெட் என்றால் மட்டம், உண்மையான கண்டென்சர் என்றால் உயர்வு’ என்று கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பதில் பொருள் இல்லை. கேப்சூல் எது, அதன் அளவீடுகள் என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எண்களைப் படித்தல்

மூன்று எண்கள் போதும். முதலாவது சுய இரைச்சல்: முழு அமைதியிலும் மைக் தானாக உண்டாக்கும் ‘ஸ்ஸ்’ என்ற ஒலி, எத்தனை டெசிபெல் வெளி ஒலிக்குச் சமம் என்பது. சில தயாரிப்பாளர்கள் இதை நேரடியாகத் தராமல் குறி-இரைச்சல் விகிதமாகத் தருவார்கள். அந்த விகிதம் 94 டெசிபெல் ஒலியை அடிப்படையாக வைத்து அளக்கப்படுவதால், அதை 94இலிருந்து கழித்தால் சுய இரைச்சல் கிடைத்துவிடும். ப்ரைமோ நிறுவனத்தின் 10 மி.மீ. கேப்சூலான இஎம்272இன் விகிதம் 80 டெசிபெல். ஆகவே அதன் சுய இரைச்சல் 14. ஏடி2020க்கு 20, ரோட் என்டி1-ஏ மைக்குக்கு 5. ஒரு காலத்தில் கைவேலைக்காரர்கள் எல்லோரும் பயன்படுத்திய பானசோனிக் டபிள்யூஎம்-61ஏ கேப்சூலுக்கு இதே கணக்கில் 32 வருகிறது. கையால் செய்த மைக் எல்லாமே இரைச்சலானது என்ற பெயர் அத்தகைய சிறு கேப்சூல்களால் வந்தது.

இரண்டாவது உணர்திறன்: 94 டெசிபெல் ஒலிக்கு எத்தனை மில்லி வோல்ட் தருகிறது என்பது. இஎம்272 சுமார் 40, என்டி1-ஏ 25, ஏடி2020 சுமார் 14. மூன்றாவது தாங்கும் உச்ச ஒலி. இதில் கடை மைக் வெகுதூரம் முந்திவிடுகிறது: ஏடி2020 144 டெசிபெல் வரை தாங்கும், இஎம்272 119 வரைதான். வீணைக்கும் குரலுக்கும் 119 தாராளம். தவிலையோ நாதஸ்வரத்தையோ பக்கத்தில் வைத்துப் பதிவு செய்ய நினைப்பவர் அந்தக் கேப்சூலைத் தொடவே வேண்டாம்.

சுய இரைச்சலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் பணம் அதிகம் வீணாவது அங்கேதான். நள்ளிரவில் மின்விசிறியை நிறுத்திய ஓர் அறையின் இரைச்சல் 35 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 டெசிபெல் சுய இரைச்சலுள்ள மைக்கை வைத்தால் பதிவில் மொத்த இரைச்சல் 35.1 ஆகிறது, 5 டெசிபெல் மைக்கை வைத்தால் 35.0. டெசிபெல்களை நேராகக் கூட்டக் கூடாது, அவற்றின் ஆற்றல்களைக் கூட்ட வேண்டும் என்பதால் இந்தக் கணக்கு இப்படி வருகிறது. பத்தில் ஒரு டெசிபெல் வித்தியாசத்தை எந்தக் காதாலும் பிரித்தறிய முடியாது. அதாவது அந்த அறையில் இரண்டு மைக்குகளும் ஒரே அளவு ‘அமைதியானவை’. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாரையும் தெருவில் போகும் ஆட்டோவையும் மீறி மைக்கின் சொந்த இரைச்சல் காதில் விழும் அளவுக்கு உங்கள் அறை அமைதியாக இருக்கிறதா என்பதை முதலில் தெரிந்துகொண்டு, பிறகு விலைப்பட்டியலைப் பாருங்கள்.

மைக்கைச் செய்தல்

ஒப்பீட்டுக்கு நான் பரிந்துரைப்பது எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலியை வாங்கும் ஆம்னி வகைக் கேப்சூல். காரணம், அதன் பின்புறம் அடைபட்டிருப்பதால் எந்தக் குழாய்க்குள் பொருத்தினாலும் அதன் குணம் பெரிதாகக் கெடாது. முன்பக்க ஒலியை மட்டும் விரும்பி வாங்கும் கார்டியாய்டு கேப்சூலுக்குப் பின்புறத் துளைகள் திறந்திருக்க வேண்டும். உறையின் வடிவம் சற்று மாறினாலும் அதன் திசைத் தேர்வு குலைந்துவிடும். முதல் முயற்சியில் அந்தச் சிக்கல் வேண்டாம்.

மைக் கம்பிகளில் இருக்கும் மூன்று முனை இணைப்பியான எக்ஸ்எல்ஆரில் 1ஆம் முனை தரை. 2, 3ஆம் முனைகளில் ஒலிக்குறியும், மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பான்டம் பவரும் ஒன்றாகப் பயணம் செய்கின்றன. மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவியான ஆடியோ இன்டர்பேஸுக்குள் இந்த மின்சாரம் ஒவ்வொரு முனைக்கும் 6.8 கிலோ ஓம் தடை வழியாக வருகிறது. இஎம்272 கேப்சூலுக்கு 10 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது, ஆகவே 48 வோல்ட்டை அதன்மேல் நேரடியாகப் பாய்ச்சிவிடக் கூடாது. நான் செய்யும் எளிய சுற்று இதுதான்: 2ஆம் முனையிலிருந்து ஒன்றும் 3ஆம் முனையிலிருந்து ஒன்றுமாக இரண்டு 22 கிலோ ஓம் தடைகள் புறப்பட்டு ஒரு புள்ளியில் சேர்கின்றன. அந்தப் புள்ளிக்கும் தரைக்கும் இடையே, மின்னழுத்தத்தை 9.1 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாத ஜீனர் டயோடு, அதன் கோடு போட்ட முனை புள்ளியின் பக்கமாக இருக்கும்படி. அதற்கு இணையாக 100 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் மின்தேக்கி. புள்ளியிலிருந்து 2.2 கிலோ ஓம் தடை வழியாகக் கேப்சூலின் நேர்முனைக்கு மின்சாரம் போகிறது. உலோக உடம்போடு இணைந்திருக்கும் மறுமுனை தரைக்குப் போகிறது. ஒலிக்குறி, கேப்சூலின் நேர்முனையிலிருந்து 10 மைக்ரோ ஃபாரட், 63 வோல்ட் மின்தேக்கி வழியாக 2ஆம் முனைக்குச் செல்கிறது. 3ஆம் முனையிலிருந்து அதே மதிப்புள்ள இன்னொரு மின்தேக்கியும் இன்னொரு 2.2 கிலோ ஓம் தடையும் தொடராகத் தரைக்குப் போக வேண்டும். இரண்டு முனைகளும் ஒரே மின்மறிப்பை (ஒலிக்குறிக்குக் காட்டும் தடையை) கொண்டிருந்தால்தான் கம்பியில் ஏறும் உறுமலை இன்டர்பேஸ் கழித்துவிடும். இந்த இரண்டு 63 வோல்ட் மின்தேக்கிகளின் நேர்முனையும் எக்ஸ்எல்ஆர் பக்கமே இருக்கட்டும்.

கேப்சூலை இணைக்கும் முன் மல்டிமீட்டரை எடுத்து, ஜீனர் புள்ளியில் ஏறத்தாழ 9 வோல்ட் நிற்கிறதா என்று பாருங்கள். 30க்கு மேல் காட்டினால் டயோடு இணைப்பில் சேரவில்லை. 1 வோல்ட்டுக்கும் கீழே காட்டினால் டயோடைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். இந்த அரை நிமிடச் சோதனையைத் தவிர்த்தால் கேப்சூல் பலியாகலாம்.

இந்தச் சுற்றில் ஒரு குறை இருக்கிறது. சாதாரண இன்டர்பேஸின் உள்ளீட்டு மின்மறிப்பு 3 கிலோ ஓம் அளவில் இருப்பதால், கேப்சூல் தரும் 40 மில்லி வோல்ட்டில் சுமார் 8 டெசிபெல் இழப்பாகி, ஏறத்தாழ 16 மில்லி வோல்ட்டே போய்ச் சேரும். அப்படியும் அது ஏடி2020 தரும் 14க்குக் குறைவில்லை. டிரான்சிஸ்டர் ஒன்றைச் சேர்த்து இந்த இழப்பைத் தவிர்க்கும் சுற்றுகளும் உண்டு. ஐந்து மீட்டருக்கு மேல் கம்பி இழுப்பவர்களுக்கு அவை தேவைப்படும். வீட்டு அறைக்குள் தேவையில்லை.

பற்றவைப்பதில் மட்டும் அவசரம் கூடாது. எலக்ட்ரெட் படலத்தின் மின்னேற்றம் சூட்டில் கசிந்துவிடும். நான் முதலில் செய்த மைக் மற்றதைவிட மிக மெலிதாகக் கேட்டபோது சுற்றைத்தான் சந்தேகித்து இரண்டு மாலைகளைச் செலவழித்தேன். கடைசியில் பார்த்தால், சால்டரிங் முனையைக் கேப்சூலின் கால்மீது நெடுநேரம் வைத்திருந்ததுதான் பிழை. இப்போது கேப்சூலை அதன் கால்கள் மேல்நோக்கி இருக்கும்படி கவ்விப் பிடித்து, கம்பியில் முன்பே ஈயம் பூசி, இரண்டு எண்ணுவதற்குள் தொட்டு எடுத்துவிடுகிறேன். கம்பி பொருத்தியே விற்கப்படும் கேப்சூல் கிடைத்தால் சற்று விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

உறைக்கு உள்விட்டம் 15 மி.மீ. அளவுள்ள பித்தளை அல்லது செம்புக் குழாய் போதும். குழாய் 1ஆம் முனையோடு கட்டாயம் இணைந்திருக்க வேண்டும். கையால் தொட்டதும் ‘உம்ம்’ என்ற உறுமல் எழுந்தால் அந்த இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். முகப்பு வலைக்கு நான் எவர்சில்வர் டீ வடிகட்டியின் வலையை வட்டமாக வெட்டிப் பயன்படுத்துகிறேன். தடை, மின்தேக்கி, இணைப்பி எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைத்துவிடும். கேப்சூலை மட்டும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியிருக்கும், அந்த அஞ்சல் செலவையும் சுங்க வரியையும் கணக்கில் சேர்த்துத்தான் ‘மலிவு’ என்று சொல்ல வேண்டும். செலவைப் பிரிக்க நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாங்குவது நல்ல வழி.

ஒப்பிடுதல்

இரண்டு மைக்குகளையும் ஒரே நேரத்தில், ஒரே இன்டர்பேஸின் இரண்டு உள்ளீடுகளில், ஒரே பாட்டுக்குப் பதிவு செய்ய வேண்டும் என்பதே அடிப்படை விதி. ஒருமுறை பாடியதைப் போல மறுமுறை யாரும் பாடுவதில்லை. பாடகரின் தலை நான்கு விரற்கடை நகர்ந்தாலே தொனி மாறிவிடும். மைக்குகளின் வாய் இரண்டும் ஒரே உயரத்தில், மூன்று செ.மீ. இடைவெளிக்குள் இருக்குமாறு கட்டுங்கள்.

அடுத்தது ஒலியளவைச் சமன் செய்தல். இதைச் செய்யாத ஒப்பீடு எதையும் நம்பாதீர்கள், ஏனெனில் அரை டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதைக் காது ‘தெளிவு’ என்றும் ‘உயிரோட்டம்’ என்றும் தவறாகப் படித்துக்கொள்ளும். கைபேசி ஒலிபெருக்கியிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் ஒலியை ஒரு மீட்டர் தூரத்திலிருந்து அரை நிமிடம் ஒலிக்கவிட்டு இரண்டிலும் பதிவு செய்யுங்கள். அடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இரண்டு தடங்களின் சராசரி அளவையும் பார்த்து, குறைவானதை உயர்த்தி, வித்தியாசம் 0.2 டெசிபெல்லுக்குள் வரும்படி செய்யுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஒரே சுருதியைச் சில இடங்களில் கூட்டியும் சில இடங்களில் குறைத்தும் காட்டும் என்பதால், ஒலிபெருக்கியை இரண்டு மூன்று இடங்களில் வைத்துச் சராசரி எடுப்பது நல்லது. இப்படிச் சமன் செய்த பிறகு இன்டர்பேஸின் குமிழ்களை யாரும் தொடக் கூடாது.

இனி வரிசையாகப் பதிவு செய்ய வேண்டியவை. முதலில் ஒரு நிமிட அமைதி. அதை அறையில் ஒருமுறையும், துணி நிறைந்த பீரோவுக்குள் மைக்குகளை வைத்துப் போர்வையால் மூடி இன்னொரு முறையும் எடுங்கள். அளவு ஏற்கெனவே சமமாக இருப்பதால், பீரோப் பதிவில் தெரியும் இரைச்சல் வித்தியாசமே மைக்குகளின் சுய இரைச்சல் வித்தியாசம். அறைப் பதிவில் வித்தியாசமே தெரியவில்லை என்றால் உங்கள் அறைக்கு இந்த இரண்டில் எது வாங்கினாலும் ஒன்றுதான். அடுத்து ஒருமுறை கைதட்டல். தட்டல் தொடங்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, முதல் அலை ஒன்றில் மேலாகவும் மற்றதில் கீழாகவும் எழுந்தால், ஒரு தடத்தைத் தலைகீழாக்கிவிடுங்கள். பிறகு சாவிக்கொத்தை மெதுவாகக் குலுக்குங்கள். உச்ச அதிர்வெண்களில் கரகரப்போ தகரத்தன்மையோ இருந்தால் பேச்சில் ஒளிந்துகொள்ளும், சாவிச் சத்தத்தில் ஒளியாது.

குரலுக்கு, ‘பழம் பழுத்துப் பக்குவமானது’ என்பது போன்ற பகரம் மிகுந்த வரி ஒன்றும், ‘ஸரிகம’வும், ‘ஷட்ஜம்’ என்ற சொல்லும் போதும். முதலாவதில் உதட்டுக் காற்று மைக்கை எப்படி அறைகிறது என்பது தெரியும். மற்றவற்றில் பல்லொலி எவ்வளவு குத்துகிறது என்பது தெரியும். பத்து செ.மீ. தூரத்தில் ஒருமுறையும் நாற்பது செ.மீ. தூரத்தில் ஒருமுறையும் சொல்லுங்கள். இந்த இரண்டு தூரங்களும் மிக முக்கியம், ஏனெனில் கார்டியாய்டான கடை மைக்கும் ஆம்னியான நம் மைக்கும் பிரிந்து நிற்கும் இடம் இதுவே. பக்கத்தில் பேசினால் கார்டியாய்டில் கீழ்ச்சுருதி பெருத்து, வானொலி அறிவிப்பாளர் குரல் போன்ற கனம் வரும், பகரத்தில் ‘பொத்’தென்று காற்று அடிக்கும்; ஆம்னியில் அந்தக் கனம் வராது, காற்றும் குறைவாகவே அடிக்கும். தள்ளி நின்று பேசினால் ஆம்னியில் அறையின் முழக்கம் கூடிவிடும். கணக்கில் சொன்னால், ஆம்னியைப் பத்து செ.மீ. தூரத்தில் வைத்தால் கிடைக்கும் அதே அளவு அறையொலி, கார்டியாய்டைப் பதினேழு செ.மீ. தூரத்தில் வைத்தாலும் கிடைக்கும். ஆகவே கையால் செய்த மைக் ‘கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல’ இருக்கிறது என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் குறை மைக்கில் இல்லை, அதைக் கார்டியாய்டு வைக்கும் தூரத்திலேயே வைத்ததில் இருக்கிறது. பத்துக்குப் பதினேழு என்ற விகிதத்தில் தூரத்தை மாற்றி இன்னொரு பதிவு எடுத்துப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கடைசிப் படி, எது எது என்று தெரியாமல் கேட்பது. பதிவை ஏறத்தாழ பத்து நொடித் துண்டுகளாக வெட்டி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, பெயர்களை மாற்றிக் கலைத்துத் தரச் சொல்லுங்கள். பத்துத் துண்டுகளைக் கேட்டு எது எந்த மைக் என்று எழுதுங்கள். குத்துமதிப்பாகச் சொன்னாலும் ஐந்து சரியாக வந்துவிடும். ஒன்பதோ பத்தோ சரியாக வந்தால்தான் வித்தியாசம் உண்மையில் கேட்கிறது என்று கொள்ளலாம், ஏனெனில் குருட்டு யோகத்தில் அது நிகழும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். எங்கள் வீட்டில் தங்கை வாசித்த வீணையை இப்படி வைத்தபோது, குடத்துக்கு ஒரு முழத் தூரத்தில் எடுத்ததில் நான் ஆறுக்கு மேல் போகவில்லை. அவள் ஒன்பது சொன்னாள். எப்படி என்று கேட்டேன். மந்தர ஸ்தாயியில் மீட்டு ஓயும்போது கையால் செய்த மைக்கில்தான் குடத்தின் கீழ் நாதம் முழுதாகத் தேய்ந்து முடிகிறது, மற்றதில் சற்று முன்னதாகவே மறைந்துவிடுகிறது என்றாள். ஆம்னி கேப்சூல்கள் மிகத் தாழ்ந்த அதிர்வெண்கள் வரை தளராமல் வாங்குபவை. கார்டியாய்டில் தூரம் கூடக் கூட அந்தக் கீழ்ப்பகுதி மெலியும். அவள் காதில் பட்டது அதுதான்.

ஆகவே சுவர்கள் வெறுமையாக உள்ள அறையில் தனிக்குரலை மட்டும் பதிவு செய்பவருக்கு, கையால் செய்யும் ஆசை இருந்தாலும், முதல் மைக் கடையில் வாங்கும் கார்டியாய்டாக இருக்கட்டும் என்றே சொல்வேன். வீணை, வயலின், புல்லாங்குழல் போன்றவற்றை அமைதியான இடத்தில் பதிவு செய்பவருக்கும், இரண்டு மைக் வைத்து ஸ்டீரியோ எடுக்க விரும்புபவருக்கும், விடியற்காலையில் குளக்கரையில் பறவை ஒலி எடுப்பவருக்கும், கையால் செய்த இஎம்272 ஜோடி ஏடி2020ஐவிடக் குறைந்த இரைச்சலில் வேலை செய்யும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பெரிய உருவ மைக்குகளை வாங்கி உட்புறத்தை மாற்றியமைக்கும் மூன்றாம் வழியும் உண்டு; அவற்றில் பலவற்றின் கேப்சூல் உச்ச அதிர்வெண்களைத் தூக்கிக் காட்டும் வகை, அதைச் சுற்றில் தணிக்கத் தெரிந்தவருக்கே அது பயன்படும்.

கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேப்சூலுக்குள் இருக்கும் மின்மறிப்பு மிக மிக உயர்ந்தது என்பதால், ஈரக்காற்று படிந்தால் மின்னேற்றம் கசிந்து, பொரிகடலை வெடிப்பதுபோலச் ‘சிடுசிடு’ என்ற ஒலி பதிவில் ஏறும். கடை மைக்கும் இதற்கு விலக்கில்லை. பதிவு முடிந்ததும் மைக்கை இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு போட்டு வையுங்கள். ஒப்பீட்டு நாளன்று இரண்டு மைக்குகளையும் வெளியே எடுத்து, பான்டம் பவர் கொடுத்து, கால் மணி நேரம் விட்டுவிட்டு, அதன்பிறகே முதல் நிமிட அமைதியைப் பதிவு செய்யத் தொடங்குங்கள்.